கூர் முனை கீழே

ஜூன் 3, திங்கள்

செல்போன் கோபுரத்தின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு இடது கண்ணுக்கு ஒன்று. வலது கண்ணுக்கு நான்கு. நான்கில் ஒன்றுக்கு வால் இருக்கிறது.

மாடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது கண்ணில் தூசி விழுந்தது. ஒரு கண்ணைப் பொத்தியதால்தான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் வலது கண் இப்படித்தான் இருக்குமோ என்னமோ.

இந்த டைரி அப்பா கொண்டு வந்தது. கோழித் தீவனக் கம்பெனியில் லோடு இறக்கியபோது கொடுத்தார்களாம். பாதி வருஷம் போன பிறகு டைரி எதற்கு என்று அம்மா கேட்டாள். நான் வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோழிப் படம். பக்கவாட்டில் நிற்பதால் அதற்கும் ஒரு கண்தான் தெரிகிறது.

ஜூன் 6, வியாழன்

இன்று மானம் போனது.

நானும் அம்மாவும் முட்டைக் குடோனில் வேலை செய்கிறோம். அம்மா லாரிப் பக்கம் முட்டை அடுக்கிய அட்டைகளைக் கட்டுவாள். நான் உள்ளே பல்புப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையாக வெளிச்சத்தில் காட்டி, விரிசல் இருந்தால் ஒதுக்குவேன். யாரிடமும் பேச வேண்டாம் என்பதால் இந்த வேலை எனக்குப் பிடிக்கும். முட்டை திரும்பக் கேள்வி கேட்காது.

சூப்பர்வைசர் துரைசாமி அண்ணன் ஒரு முட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன அம்மிணி?"

"முட்டைங்க."

"அது எனக்கும் தெரியுது. அதுல என்ன இருக்குது?"

ஒன்றுமே தெரியவில்லை. அவர் பெருவிரலால் லேசாகத் தொட்டார். முட்டை அவர் சட்டையில் வழிந்தது.

"நேத்து ஆஸ்டலுக்குப் போனதுல பாதி அட்டை ஒழுகியிருக்குது. நீ பாத்து அனுப்புன அட்டை."

பக்கத்தில் முட்டை துடைக்கும் மைனாவதி அக்கா, "அவ எங்கீங்க பாக்குறா? நாம பேசுனாலே மூஞ்சியப் பாக்க மாட்டா. முட்டை மூஞ்சிய மட்டும் பாத்துருவாளா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கோகிலவாணி என்று எனக்குப் பெயர் வைத்தபோதும் இப்படித்தான் யாராவது சிரித்திருப்பார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

குடோனில் நடந்ததைக் கேட்டு அம்மா ஒவ்வொரு கண்ணாகப் பரிசோதனை செய்தாள். என் இடது கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, சுவரோரம் போய் நின்று எதையோ தூக்கிக் காட்டினாள்.

"என்னது இது?"

"பச்சை மிளகாய்."

"எத்தன?"

"மூணு."

அம்மா கையில் இருந்தது ஒரு வெண்டைக்காய்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பள்ளிக்கூடத்துல போர்டு தெரிஞ்சுதாடி உனக்கு?" என்று கேட்டாள்.

பத்தாம் வகுப்பில் போர்டைப் பார்த்துப் படிக்கச் சொல்வார்கள். நான் எழுந்து நிற்பேன். இடது கண் காட்டும் எழுத்தின் மேல் வலது கண் காட்டுவதும் ஏறி, வெள்ளைப் புழு நெளிகிற மாதிரி இருக்கும். தெரியவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதைவிட, படிக்கத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொள்வது சுலபம். அப்புறம் போகவே இல்லை. படிப்பு ஏறவில்லை என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. "தெரியல" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 20, வியாழன்

சேலத்துக் கண் ஆஸ்பத்திரி. நான் போன இடங்களிலேயே நல்ல இடம் இதுதான். எல்லோருக்கும் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் கண் தெரியாது. என்னை யாரும் பார்க்கவில்லை. காலை நீட்டிக்கூட உட்கார்ந்தேன்.

உள்ளே ஒரு இருட்டு அறை. மெஷின் பார்க்கிற ஸ்டெல்லா அக்காவின் குரல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

"தாடைய இங்க வை. நெத்திய ஒட்டு. உள்ள செவப்புப் புள்ளி தெரியுதா? அதையே பாரு. தெற... தெற... நல்லாத் தெற... ஐயோ, சிமிட்டிட்ட!"

எதிரே ஆள் இருந்தால் என் கண் தானாகத் தரையைப் பார்க்கும். ஆனால் மெஷினுக்கு முகம் இல்லை. வட்டத்துக்குள் வட்டமாக வெள்ளை வளையங்கள், நடுவில் புள்ளி. பிறகு ஒரு கோடு போல வெளிச்சம் கண்ணைத் தடவிக்கொண்டு போனது. மூன்றாவது தடவை சிமிட்டாமல் பார்த்தேன். அவ்வளவு நேரம் நான் எதையும் நேராகப் பார்த்ததில்லை.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் இரண்டு வட்டங்களைக் காட்டினார். இடது கண் முழுக்கப் பச்சை. வலது கண்ணில் நடுவுக்குக் கீழே மஞ்சள், அதற்குள் சிவப்பு.

"கருவிழி முன்னாடி பந்து மாதிரி வளைஞ்சிருக்கணும். இந்த மெஷின் ஒரு சரியான பந்தைக் கணக்குல வெச்சுக்கிட்டு, உன் கண் அதைவிட எங்க மேடு, எங்க பள்ளம்னு அளக்குது. மேடு செவப்பு. பள்ளம் நீலம். சமமா இருந்தா பச்சை."

"மேடு எவ்ளோ ஒசரமுங்க?" என்றாள் அம்மா.

"தலைமுடி தடிமன்ல பாதிகூட இல்லம்மா."

"அரை முடி ஒசரத்துக்கா இத்தன அலப்பறை!"

"கண்ணுக்கு அது மலை. அந்த இடத்துல விழி சன்னமாகி முன்னால தள்ளுது. பந்தா இருக்க வேண்டியது கூம்பாகுது."

அம்மா யோசித்தாள். "முட்டையாட்டமுங்களா?"

"அப்படி வெச்சுக்கங்க. முட்டையோட கூர் முனை மாதிரி. அதுவும் நடுவுல இல்லாம கொஞ்சம் கீழ எறங்கி இருக்கு."

அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "அப்பச் செரியாத்தானுங்க இருக்குது! கூர் முனை கீழதான் இருக்கோணும். அட்டையில அப்படித்தான் வெப்போம். மேல இருந்தாத்தான் கெட்டுப் போகும்."

ஸ்டெல்லா அக்கா வெளியே ஓடிப்போய்ச் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்காமல் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மூன்று மாதம் கழித்து இன்னொரு படம். மேடு ஏறியிருந்தால் வைட்டமின் சொட்டு விட்டு, ஊதா வெளிச்சம் காட்டிக் கருவிழியைக் கெட்டியாக்க வேண்டும். ஏறாமலே இருந்தால் கெட்டி லென்ஸ் போதும்.

"வேக வெச்சாக் கெட்டியாவுமே, அப்படீங்களா?"

"வேக வைக்க மாட்டோம்மா," என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "கண்ணைக் கசக்குவியா?"

தலையை ஆட்டினேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி.

"கசக்கவே கூடாது. மேட்டை ஏத்துறதே அதுதான். அரிச்சா இந்த மருந்து விட்டு ஈரத்துணி வை."

ஜூன் 22, சனி

ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கொடுத்த என் கண் படத்தை அம்மா முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். லைன் வீட்டில் இருக்கிற எல்லோரும் வந்து பார்க்கிறார்கள்.

மைனாவதி அக்கா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "டிவியில புயல் வர்றப்பக் காட்டுவாங்களே, அதேதான். இந்தச் செவப்பு நாகப்பட்டினம் பக்கமா நகருது" என்றாள்.

அப்பா லாரியில் கேரளாவுக்குப் போயிருக்கிறார். போனில் அம்மா விளக்கிச் சொல்லச் சொல்ல, "புரிஞ்சுது, புரிஞ்சுது. டயர்ல ஒரு பக்கம் சன்னமாப் போயிக் குண்டாப் புடைக்குமே, அதானே?" என்றார்.

"அந்த டயரை என்ன பண்ணுவீங்க?"

"ஓட்ட மாட்டோம். வெடிச்சுரும்."

அம்மா போனைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அப்பா திரும்பக் கூப்பிட்டு, கண் வெடிக்காது என்று சொல்லிச் சொல்லி அவர் பேலன்ஸ் தீர்ந்தது.

ஜூன் 26, புதன்

ஊரே காவல் காக்கிறது. மூக்கைச் சொறியக் கை தூக்கினால்கூட மைனாவதி அக்கா, "ராஜாமணி! உம்பட புள்ள கண்ணுக்குக் கை போகுது!" என்று அம்மாவைப் பார்த்துக் கூவுகிறாள். டவுன் பஸ் கண்டக்டர்கூடச் சில்லறை கொடுக்கும்போது "கசக்காத பாப்பா" என்றார். அவருக்கு யார் சொன்னார்கள்?

யாரும் என்னைப் பார்க்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்போது முழு நாமக்கல்லும் என் விரலைப் பார்க்கிறது.

ஜூலை 1, திங்கள்

தூக்கத்தில் கசக்காமல் இருக்க அம்மா என் கையில் அப்பாவின் சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் நாடாவால் கட்டுகிறாள். துவைத்த சாக்ஸ்தான். ஆனாலும் லாரி வாசம்.

ஜூலை 4, வியாழன்

சொட்டு மருந்து அம்மாவின் சாப்பாட்டுப் பையில், தண்ணீர் பாட்டிலோடு இருக்கிறது. என்னிடம் தர மாட்டாள், தொலைத்துவிடுவேனாம். "அரிச்சா அம்மான்னு ஒரு சத்தம் போடு. துணியோட ஓடியாறேன்" என்கிறாள்.

அம்மா இருப்பது குடோனின் அந்தக் கோடியில். நான் இந்தக் கோடியில். நடுவில் லோடு ஏற்றுகிற ஆட்கள் முப்பது பேர், அவர்களின் ரேடியோ, துரைசாமி அண்ணன். இத்தனையும் தாண்டிக் கேட்கிற மாதிரி நான் "அம்மா" என்று கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நடந்து போனாலும் பார்ப்பார்கள்.

இன்று கொஞ்சம் அரித்தது. அட்டை அடுக்கின் பின்னால் போய் நின்றுவிட்டு வந்தேன். சும்மாதான்.

ஜூலை 11, வியாழன்

அட்டை அடுக்கின் பின்னால் காற்று நன்றாக வருகிறது.

ஜூலை 23, செவ்வாய்

இறகுத் தூசி அதிகம். துரைசாமி அண்ணன் என்னைப் பல்புப் பெட்டியிலிருந்து அட்டை எண்ணும் வேலைக்கு மாற்றிவிட்டார். "கண்ணு செரியானதும் வா, அம்மிணி. அதுவரைக்கும் அந்தப் பெட்டியில மைனாவதி உக்காரட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மைனாவதி அக்கா பல்பு வெளிச்சத்தில் முட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கண்ணைக் கசக்கவில்லை. இமையைத் தொட்டேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டு 3, சனி

ஆடிப்பெருக்கு. குடோன் லீவு. அரிப்பே இல்லை. சாக்ஸ் மட்டும் உண்டு.

ஆகஸ்டு 19, திங்கள்

அட்டை அடுக்கின் பின்னால் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு லோடு அண்ணன் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். "யாருகிட்டயும் சொல்லாத" என்றார். நானும் அதையேதான் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டேன். கண் அரித்துக்கொண்டே இருந்தது. பாத்ரூம் போனேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வலது கண்ணால் கோபுரத்து விளக்கை எண்ணினேன். இன்றைக்குக் கோபுரத்தில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். ஆறு.

செப்டம்பர் 19, வியாழன்

புரட்டாசி பிறந்துவிட்டது. ஊரில் பாதிப் பேர் முட்டையைத் தொட மாட்டார்கள், வேலை குறைவு. அதனால் அம்மா தைரியமாக லீவு போட்டுக்கொண்டு என்னைச் சேலத்துக்கு இழுத்துப் போனாள். இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

விடியற்காலையில் பல் தேய்த்துக்கொண்டு வந்தேன். அம்மா என் தலையைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு கண்ணிலும் விளக்கெண்ணெய் விட்டாள். கையைத் தட்டிவிடக்கூட நேரமில்லை.

"பஸ் தூசி ஆகாது. குளிர்ச்சியாப் போனாத்தான் மெஷின்ல மேடு காட்டாது. டாக்டரம்மாகிட்டச் சொல்லாத, அவிங்களுக்கு எண்ணெய்னாப் புடிக்காது."

பஸ்ஸில் சேலம் வரைக்கும் எனக்கு உலகமே வாழைப்பழ அல்வா மாதிரி தெரிந்தது.

ஸ்டெல்லா அக்கா ஒரு தடவை எடுத்தாள். "சிமிட்டுற" என்றாள். இன்னொரு தடவை. "அழுவுறியா?" இன்னொரு தடவை. "என்னடி இது, வளையமெல்லாம் ஜாங்கிரியாட்டம் நெளியுது?" கடைசியில் எப்படியோ ஒரு படத்தை அனுப்பிவிட்டாள்.

டாக்டரம்மா படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வலது கண்ணில் சிவப்பு. இடது கண்ணிலும் சிவப்பு. அங்கங்கே தீவு தீவாக.

"ரெண்டு கண்ணுலயும் இப்படி ஏறியிருக்கே. மூணு மாசத்துல இவ்வளவா? நல்லாக் கசக்குறாளாம்மா?"

"கசக்கறதாவது! நான் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டில்லீங்க பாத்துக்கறேன்!"

யார் கண்ணில் என்று அம்மா சொல்லவில்லை.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தபடியே, "அப்ப ரெண்டு கண்ணுக்கும் அந்த ஊதாக் கதிர் போட்டுரலாமா..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பாவம் இடது கண். அதை நான் தொட்டதே இல்லை. போர்டில் எழுதியதில் பாதியையாவது படித்தது அதுதான்.

எண்ணெய் என்று சொன்னால் கண்ணைக் கழுவிவிட்டு மறுபடி படம் எடுப்பார்கள். மறுபடி எடுத்தால் சரியான படம் வந்துவிடும். அதுவும் எனக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தேன். தரையில் இருந்த கட்டங்களெல்லாம் வழிந்துகொண்டிருந்தன.

"எண்ணெய்ங்க," என்றேன்.

"என்ன?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"வெளக்கெண்ணெய்ங்க. காலைல. ரெண்டு கண்ணுலயும்."

டாக்டரம்மாவிடம் நான் பேசிய முதல் வார்த்தை விளக்கெண்ணெய். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா அக்கா வாசலில் இருந்தே, "அதான பாத்தேன்! நான் எம் மெஷினு கெட்டுப்போச்சுன்னு அரை மணி நேரமா அதத் துடைச்சிட்டிருக்கேன்!" என்று கத்தினாள்.

"ஒரே ஒரு சொட்டுத்தானுங்க," என்றாள் அம்மா.

"அந்த ஒரு சொட்டு விழி மேல படலமா நின்னு, இல்லாத மேட்டையெல்லாம் காட்டியிருக்கும்மா. திங்கக்கிழமை வாங்க. வெறுங் கண்ணோட வாங்க."

பஸ் பாதி வழி வந்ததும் அம்மா, "கேட்டாத்தான் சொல்லோணும். கேக்காம எதுக்குடி சொன்ன?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேசத் தெரியுதே உனக்கு," என்றாள்.

செப்டம்பர் 23, திங்கள்

வெறுங் கண்ணோடு போனோம். ஸ்டெல்லா அக்கா முதல் தடவையிலேயே எடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா மூன்று வட்டங்களை வரிசையாக வைத்தார். ஒன்று ஜூனில் எடுத்தது, ஒன்று இன்றையது, மூன்றாவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இடது கண்ணுக்கு வித்தியாசமே இல்லை, வட்டம் முழுக்கப் பச்சை. அம்மா கும்பிட்டாள். எண்ணெய் வேலை செய்கிறது என்று முணுமுணுத்தாள்.

வலது கண்ணின் மூன்றாவது வட்டத்தில், நடுவுக்குக் கீழே, ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. விரலை மடக்கினால் முட்டி எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு.

"இடது அப்படியே இருக்கு. வலது மட்டும் ஏறியிருக்கு," என்றார் டாக்டரம்மா. அப்புறம் சாதாரணமாக, "நீ எந்தக் கையால எழுதுவ?" என்று கேட்டார்.

"வலதுங்க."

"ம்."

வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. இன்னொரு படத்தைத் திறந்தார். விழியின் கனத்தைக் காட்டுகிற படமாம். அந்தச் சிவப்புப் பொட்டு இருக்கிற இடத்தில்தான் கனம் எல்லாவற்றையும்விடக் குறைவு.

"அக்டோபர் மூணாந் தேதி கதிர் போடலாம். கெட்டியாயிட்டா மேடு மேல ஏறாது. அப்புறம் லென்ஸ் மாட்டிக்கலாம், போர்டு தெரியும், முட்டை தெரியும். ஆனா ஒண்ணு. கதிர் போடுறதுக்கு இவ்வளவு கனமாவது வேணும்னு ஒரு அளவு இருக்கு. நீ இப்ப அதோட விளிம்புல நிக்கற. இன்னும் சன்னமாச்சுன்னா என்னால போட முடியாது. கருவிழியையே மாத்தி வைக்கிற ஆபரேஷன் வரைக்கும் போயிரும். அதுவரைக்கும் ஒரு தடவைகூட..."

முடிக்காமல் என் கையைப் பார்த்தார். கை துப்பட்டாவுக்குள் போய்விட்டது.

அம்மா, "சாக்ஸ ரெண்டாப் போட்டுரலாமுங்க," என்றாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

அப்பா போனில், "தேஞ்ச டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேடிங் பண்ற மாதிரின்னு சொல்லு," என்றார். சந்தோஷமாக இருக்கிறார்.

நான் கோழிப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழி கண்ணைக் கசக்காது. அதற்குக் கை இல்லை. கொடுத்து வைத்தது.

செப்டம்பர் 27, வெள்ளி

குடோனில் இன்று மோசமான தூசி. புது அட்டைக்கட்டு பிரித்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து ரேடியோ மட்டும் ஓயாமல் பாடிக்கொண்டிருந்த நேரம். லோடு அண்ணன்கள் எல்லோரும் நடுவில் சாய்ந்து கிடந்தார்கள். அம்மா அந்தக் கோடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள்.

வலது கண் அரிக்க ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில். பிறகு உள்ளே. யாரோ இமைக்குள் இறகை வைத்துத் திருகுகிற மாதிரி. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். மைனாவதி அக்கா பல்புப் பெட்டியிலிருந்து, "என்னடி, அடை காக்குற?" என்றாள்.

அட்டை அடுக்கைப் பார்த்தேன். அதன் பின்னால் யாரும் இல்லை. வலது கை தானாக வெளியே வந்தது. பாதித் தூரம் மேலே போனது. அதைப் பிடித்துத் துப்பட்டாவில் சுற்றினேன். அது மறுபடியும் கிளம்பியது.

அந்தச் சிவப்புப் பொட்டு ஞாபகம் வந்தது. முட்டி அளவுப் பொட்டு.

எழுந்து நின்றேன். யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"அம்மா! கண்ணு அரிக்குது!"

ரேடியோவைவிடச் சத்தமாக வந்துவிட்டது. யாரோ ரேடியோவை அணைத்தார்கள். லோடு அண்ணன்கள் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். துரைசாமி அண்ணன் கணக்கெழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மைனாவதி அக்கா கையில் இருந்த முட்டையைக் கீழே போட்டுவிட்டாள். அம்மா சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, நீட்டியிருந்த கால்களையெல்லாம் தாண்டி ஓடி வந்தாள்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.